சாம்லிஹெம்ஷின்: கச்கார் மலைச் சரிவில் ஒரு துருக்கி வட்டாரம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருக்கி என்றதும் இஸ்தான்புல்லின் மசூதிகளும் கப்படோக்கியாவின் பலூன்களும்தான் நம் கண்முன் வருகின்றன. வடகிழக்கு மூலையில், கருங்கடலுக்குப் பின்னால் சட்டென்று எழும் மலைகளில் வேறொரு துருக்கி இருக்கிறது. பசுவும் தேனும் தேயிலையும் தீராத மழையுமாக வாழும் துருக்கி அது. அந்த மலைகளில் உள்ள சாம்லிஹெம்ஷின் என்ற வட்டாரத்தின் வரலாற்றையும் வாழ்க்கையையும் பற்றி எழக்கூடிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

சாம்லிஹெம்ஷின் எங்கே இருக்கிறது?

ரிசே மாகாணத்தில். கருங்கடல் கரையிலுள்ள அர்தெஷென் என்ற ஊரிலிருந்து ஃபிர்த்தினா ஆற்றை ஒட்டி உள்ளே ஏறினால் சுமார் 20 கிலோமீட்டரில் வட்டாரத் தலைநகர் வந்துவிடும். தலைநகர் என்பது பெயருக்குத்தான். இரண்டு ஓடைகள் கூடும் இடத்தில் ஒரு கடைத்தெரு, ஒரு மசூதி, அரசு அலுவலகங்கள், சில தேநீர்க்கடைகள், அவ்வளவே. ஊர் இருப்பது கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் அளவில். வட்டாரத்தின் தெற்கு எல்லையிலோ 3,937 மீட்டர் உயரமுள்ள கச்கார் சிகரம் நிற்கிறது. ஒரே வட்டாரத்துக்குள் இப்படியொரு ஏற்றம் இருப்பதால், அங்குள்ள வாழ்க்கை முழுவதும் ஏறுவதும் இறங்குவதுமாகவே அமைந்துவிட்டது.

ஹெம்ஷின் என்ற பெயரில் பக்கத்திலேயே இன்னொரு வட்டாரமும் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பத்தாயிரம் பேர்கூட இல்லாத இடம். இதில் பேச என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இங்கே ஏராளமான குடும்பங்களுக்கு இரண்டு ஊர். சம்பாதிக்கும் ஊர் வேறு, பிறந்த மலை வேறு. நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தப் பள்ளத்தாக்கு தன் ஆண்களை வெளியூருக்கு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆனாலும் ஊர் செத்துவிடவில்லை. போனவர்கள் கோடையில் திரும்பினார்கள், வீடு கட்டினார்கள், ஆட்டம் ஆடினார்கள், ஆற்றுக்கு அணை வந்தபோது வழக்குப் போட்டார்கள். ஆள் போய்விட்ட மலைக்கிராமங்கள் உலகெங்கும் இருக்கின்றன. போனவர்களை இவ்வளவு பிடிவாதமாகத் திரும்ப இழுக்கும் இடங்கள் குறைவு. இதைப் பற்றி எழுதத் தோன்றியதே அதனால்தான்.

அங்கே எப்போதும் மழையா?

ஏறக்குறைய. துருக்கியிலேயே அதிக மழை பெறும் மாகாணம் ரிசே. கடலோரத்தில் ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. கருங்கடலின் ஈரக்காற்றை மலைச்சுவர் தடுத்து நிறுத்துவதுதான் காரணம். மலையின் தெற்குப் பக்கம், சோருஹ் ஆற்றுப் பள்ளத்தாக்கு, வறண்டு கிடக்கும். வடக்குப் பக்கத்தில் பாசி படியாத கல்லே கிடையாது. பிற்பகலில் கீழிருந்து பனிமூட்டம் ஏறிவரும்; பத்து நிமிடத்தில் எதிரிலுள்ள வீடு மறைந்துவிடும்.

அங்கே வாழ்பவர்கள் யார்?

பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதிக் கிராமங்களில் லாஸ் மக்கள். அவர்களுடைய லாஸ் மொழி ஜார்ஜிய மொழிக்கு உறவானது. மேல்பகுதியில் ஹெம்ஷின் மக்கள். இரு தரப்பினரும் முஸ்லிம்கள், இரு தரப்பினரும் துருக்கி மொழி பேசுகிறார்கள். ஆனால் யார் லாஸ், யார் ஹெம்ஷின் என்பது உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும். கடலும் மீனும் லாஸ்காரர்களுக்கு, மலையும் மாடும் ஹெம்ஷின்காரர்களுக்கு என்று பழைய ஒரு பங்கீடு உண்டு. இன்று அது அவ்வளவு கறாராக இல்லை.

ஹெம்ஷின் மக்களின் பூர்வீகம் என்ன?

இதுதான் இந்த வட்டாரத்தின் வரலாற்றிலேயே கனமான பகுதி.

எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்மீனியா அரபு ஆட்சியின் கீழ் இருந்தது. வரிச்சுமை தாங்காமல், 790ஆம் ஆண்டை ஒட்டி, அமாதுனி என்ற பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த ஷாபுஹும் அவருடைய மகன் ஹமாமும் ஒரு பெரும் கூட்டத்தை அழைத்துக்கொண்டு பைசாந்தியப் பேரரசின் எல்லைக்குள் தப்பி வந்தார்கள். ஆர்மீனிய வரலாற்றாசிரியர் கெவோண்ட் அந்தக் கூட்டத்தை 12,000 பேர் என்று குறிக்கிறார். பேரரசர் அவர்களுக்குக் குடியேற நிலம் தந்தார். ஹமாமின் பெயரால் அந்த இடம் ஹமாமஷென் ஆகி, காலப்போக்கில் ஹம்ஷென், ஹெம்ஷின் என்று தேய்ந்தது.

கீழே கடலோரத்தில் கிரேக்கர்களும் லாஸ்காரர்களும், தெற்கே பனி மூடிய கணவாய்கள். நடுவில் இந்தச் சின்ன ஆர்மீனியச் சிற்றரசு பல நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தது. 1461இல் ஓட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத், மேற்கே உள்ள கடலோர நகரான திரபிசோனைக் கைப்பற்றினார். அதே நூற்றாண்டு முடிவதற்குள் ஹெம்ஷினும் ஓட்டோமான் கைக்குப் போயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த வரிப்பதிவேடுகளிலும் பெரும்பான்மையினர் கிறித்தவர்களாகவே இருக்கிறார்கள். மதமாற்றம் ஓர் இரவில் நடந்துவிடவில்லை. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் குடும்பம் குடும்பமாக, வரி, பாதுகாப்பு, நிர்ப்பந்தம் என்று பல காரணங்களால் நடந்தது. மாற விரும்பாத பலர் மேற்கே திரபிசோன், ஓர்து, சாம்சுன் கரைகளுக்குப் போனார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்களில் பலர் இன்று அப்காசியாவிலும் ரஷ்யாவின் கருங்கடல் கரையிலும் கிறித்தவ ஹம்ஷென் ஆர்மீனியர்களாக வாழ்கிறார்கள்.

ஆக, ஒரே வேரிலிருந்து வந்த மூன்று கிளைகள். சாம்லிஹெம்ஷினில் இருப்பவர்கள் முஸ்லிம்கள், துருக்கி மொழி பேசுபவர்கள். கிழக்கே ஹோபா பக்கம் இருப்பவர்களும் முஸ்லிம்கள்தான், ஆனால் ஹோம்ஷெத்சி என்ற ஆர்மீனியப் பேச்சுவழக்கை இன்றும் வீட்டில் பேசுகிறார்கள். ரஷ்யக் கரையில் இருப்பவர்களிடம் மதமும் மொழியும் இரண்டும் எஞ்சியிருக்கின்றன.

அப்படியானால் சாம்லிஹெம்ஷின்காரர்களை ஆர்மீனியர் என்று சொல்லலாமா?

அவர்களிடம் அப்படிச் சொன்னால் பெரும்பாலானவர்கள் ஏற்கமாட்டார்கள். தங்களைத் துருக்கியர், ஹெம்ஷின்காரர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். மத்திய ஆசியாவிலிருந்து வந்த துருக்கிய வம்சம் என்று வலியுறுத்தி எழுதப்பட்ட நூல்களும் உண்டு. ஆனால் எலெவித், பாலோவித் போன்ற மேய்ச்சல்நிலப் பெயர்களும், பால்பொருள், செடிகொடி, வீட்டுச் சாமான் பற்றிய பல சொற்களும் ஆர்மீனிய மூலத்தைக் காட்டுகின்றன. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இந்த வரலாற்றில் உறுதியாக இருக்கிறார்கள்.

என் கருத்து இதுதான்: வேர் எது என்பதை ஆவணங்கள் சொல்லட்டும், தான் யார் என்பதை அந்தந்த மனிதர் சொல்லட்டும். ஓட்டோமான் ஆட்சியில் ஆர்மீனியர்கள் பெருந்திரளாகக் கொல்லப்பட்ட 1915இன் துயரம் நிழலாக விழுந்திருக்கும் ஒரு நாட்டில், ஒரு கிழவியிடம் போய் "நீங்கள் உண்மையில் யார் தெரியுமா?" என்று கேட்பது அறிவும் ஆகாது, நாகரிகமும் ஆகாது.

காட்டுக்கு நடுவே கோட்டை ஒன்று படங்களில் தெரிகிறதே?

அது ஸில் காலே. ஃபிர்த்தினா ஆற்றுக்கு மேலே, செங்குத்தான பாறைமேல் நிற்கும் இடைக்காலக் கோட்டை. கடலிலிருந்து மலைக்கணவாய் வழியாக உள்நாட்டுக்குப் போகும் வணிகப் பாதையைக் காவல்காக்கக் கட்டியது. இதே பாதையில் இன்னும் மேலே மற்றொரு கோட்டையும் உண்டு. அண்மையில் ஸில் காலேயைச் செப்பனிட்டிருக்கிறார்கள். கோட்டையைவிட, அங்கே போகும் வழியில் ஆற்றின்மேல் ஒற்றை வளைவாக நிற்கும் கல்பாலங்கள்தான் எனக்கு அதிகம் பிடித்தவை. கழுதையும் மனிதனும் மட்டும் கடக்கும் அகலம். வெள்ளம் தொட முடியாத உயரத்துக்கு நடுவே முதுகு வளைந்து எழும்பியிருக்கும்.

யாய்லா என்று அடிக்கடி படிக்கிறோம். அது என்ன?

மரங்கள் முடியும் எல்லையை ஒட்டியும் அதற்கு மேலேயும் உள்ள கோடைக்கால மேய்ச்சல் நிலம், அதிலுள்ள வீடுகளோடு சேர்த்து. சாம்லிஹெம்ஷினில் இவை நிறைய: போகுத், ஸால், கிதோ, எலெவித், பாலோவித், சாமிஸ்தால், காவ்ருன், அம்லாகித். ஒவ்வொரு யாய்லாவிலும் எந்தெந்தக் கிராமத்துக்கு உரிமை உண்டு என்பது தலைமுறை தலைமுறையாக வரும் கணக்கு. வெளியாள் போய்க் கொட்டில் போட்டுவிட முடியாது.

குளிர்காலத்தில் குடும்பம் கீழே கிராமத்தில் இருக்கும். பனி உருகியதும் மாடுகளை ஓட்டிக்கொண்டு ஏறத் தொடங்குவார்கள். நேரே உச்சிக்குப் போவதில்லை. நடுவழியில் மெஸ்ரா என்ற இடைத்தங்கல் உண்டு; புல் முளைக்கும் வேகத்துக்கு ஏற்ப அங்கே சில வாரம் இருந்துவிட்டு, ஜூனில் யாய்லாவுக்குப் போவார்கள். புறப்படும் நாளில் பசுவின் கழுத்தில் மணியும் நெற்றியில் வண்ணக் கம்பளிக் குஞ்சமும் கட்டுவார்கள். மேலே பால் கறந்து வெண்ணெய் எடுப்பது, பாலாடைக்கட்டி செய்வது, ஆகஸ்டில் புல் அறுத்துக் காயவைப்பது என்று வேலை ஓடும். செப்டம்பரில் குளிர் பிடித்ததும் அதே வழியில் இறக்கம்.

இன்று மாட்டோடு ஏறும் குடும்பங்கள் சிலவே. ஆனால் மாடில்லாதவர்களும் ஏறுகிறார்கள். அங்காராவில் கடை வைத்திருப்பவர் ஆகஸ்டில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, தாத்தா கட்டிய மரவீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டுப் போவார்.

வேலையெல்லாம் பெண்கள்தான் செய்கிறார்கள் என்பது உண்மையா?

பெரும்பாலும் உண்மை. ஆண்கள் ஆண்டில் பாதிக்கு மேல் வெளியூரில் இருந்ததால் மாடு, வயல், புல், விறகு, பிள்ளைகள் எல்லாம் பெண்கள் தலையில். முதுகில் கூடை, கூடைக்குமேல் ஆள் உயரப் புல்கட்டு, கையில் அரிவாள், இப்படி செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏறும் பெண்ணின் படத்தைச் சுற்றுலாப் பலகைகளில் அழகாகப் போடுகிறார்கள். அந்தச் சுமை முழங்காலையும் இடுப்பையும் என்ன செய்யும் என்பது பலகையில் வராது. அதே சமயம் குடும்பத்தின் முடிவுகளை எடுத்ததும் இந்தப் பெண்கள்தான். அணைக்கும் சாலைக்கும் எதிரான போராட்டங்களில் அவர்கள் முன்வரிசையில் நின்றதில் வியப்பில்லை.

சாலையே இல்லாத வீடுகளுக்குச் சாமான் எப்படிப் போகிறது?

கம்பியில். பள்ளத்தாக்கின் இந்தப் பக்கம் சாலை, எதிர்ப்பக்கம் வீடு, நடுவில் ஆறு. இரு கரைக்கும் எஃகுக் கயிறு கட்டி, அதில் ஒரு மரப்பெட்டியையோ இரும்புத் தொட்டியையோ தொங்கவிட்டு இழுக்கிறார்கள். உள்ளூரில் வாராங்கெல் என்பார்கள். முன்பு கையால் சுற்றியது, இப்போது மோட்டார். மாவு மூட்டை, எரிவாயு உருளை, பறித்த தேயிலை, காய்ந்த புல், கட்டில், குளிர்பதனப்பெட்டி எல்லாமே இதில்தான். ஆள் ஏறக்கூடாதுதான். ஆனால் மழையில் மூட்டையோடு ஒரு மணிநேரம் சுற்றி ஏறுவதா, இரண்டு நிமிடம் கம்பியில் தொங்குவதா என்று வரும்போது பலர் தொங்கத்தான் செய்கிறார்கள். விபத்துகளும் நடந்திருக்கின்றன.

ஹெம்ஷின்காரர்கள் என்றால் பேக்கரி என்கிறார்களே, ஏன்?

துருக்கியின் பெருநகரங்களில் பழைய கேக் கடைகள், ரொட்டிக் கடைகள் பலவற்றின் வேர் இந்த வட்டாரத்தில் இருக்கிறது. மாடு மேய்க்கும் மலைக்காரர்கள் கிரீம் கேக் செய்யக் கற்றது ரஷ்யாவில்.

விளைநிலம் சொற்பம். மக்காச்சோளம் விளையும் துண்டுகளைச் சரிவில் கல்லடுக்கித்தான் உண்டாக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடும்பம் பெருகப் பெருக இளைஞர்கள் வெளியே போகத் தொடங்கினார்கள். 1877–78 ரஷ்ய–ஓட்டோமான் போருக்குப் பின் பாத்தூம் துறைமுகம் ரஷ்யாவின் கைக்குப் போனதும், ரஷ்யப் பேரரசு அவர்களுக்கு ஏறக்குறைய அடுத்த வாசலாகிவிட்டது. பாத்தூம், கிரிமியா, ஒடெஸா, மாஸ்கோ, அந்நாளில் ரஷ்ய ஆட்சியில் இருந்த வார்சா என்று பரவினார்கள். பையன்களாகப் போய் அடுப்படியில் எடுபிடி வேலை, பிறகு மாவு பிசைதல், பிறகு அடுப்புப் பொறுப்பு, கடைசியில் சொந்தக் கடை. ஒருவர் கடை வைத்ததும் ஊரிலிருந்து அண்ணன் மகனையும் மச்சானையும் வரவழைப்பார். ஒரு கிராமமே ஒரு தொழிலுக்குள் வந்தது இப்படித்தான்.

1914இல் போர் வந்தது. 1916 மார்ச்சில் ரஷ்யப் படை ரிசேயைப் பிடித்தது. 1918 தொடக்கம் வரை அங்கே இருந்தது. இடையில் 1917 புரட்சி. ரஷ்ய நகரங்களிலிருந்த கடைகள் போயின, சேமித்து வைத்த ரூபிள் வெறும் காகிதமாயிற்று. சிலர் அங்கேயே சிக்கிக்கொண்டார்கள், அவர்களைப் பற்றி வீட்டுக்கு ஒரு தகவலும் வரவில்லை. திரும்பியவர்களிடம் எஞ்சியது கைத்தொழில் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு புதிய குடியரசின் நகரங்களில், இஸ்தான்புல், அங்காரா, இஸ்மிர் என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

மலைநடுவே நிற்கும் அந்த மாளிகைகள்?

அவை ரஷ்யப் பணத்தில் எழுந்தவை. மாக்ரெவிஸ் என்று பழைய பெயருள்ள பகுதியில் இவை அதிகம். இப்போது அந்தப் பகுதிக்கே மாளிகைகள் என்று பொருள்படும் பெயர்தான். கீழ்த்தளம் செதுக்கிய கல், மேல்தளம் செஸ்ட்நட் மரம். சுவரைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடித்துச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அளவாகச் செதுக்கிய ஒரு கல்லைச் செருகியிருப்பார்கள். மழைக்கும் தாங்கும், நிலம் ஆடினாலும் நெகிழ்ந்து கொடுக்கும்.

பல மாளிகைகளுக்கு இன்று வாரிசுகள் இருபது, முப்பது பேர். யார் ஓடு மாற்றுவது என்று முடிவாகாமல் கூரை ஒழுகும் வீடுகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது. நல்லவேளையாகச் சில குடும்பங்கள் ஒன்றுகூடிப் பழுதுபார்த்து, இரண்டொன்றை விருந்தினர் விடுதிகளாகவும் நடத்துகின்றன.

தேயிலை எப்போது வந்தது?

பழைய பயிர் இல்லை. போரில் நொறுங்கிப்போன ரிசே மக்களுக்குப் பிழைப்பு வேண்டும் என்று 1924இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஸிஹ்னி தெரின் என்ற வேளாண் அதிகாரி பாத்தூமிலிருந்து விதை கொண்டுவந்து நடவைத்தார். முதலில் விவசாயிகள் நம்பவில்லை. சோளம் போடும் இடத்தில் தின்ன முடியாத செடியை ஏன் நடவேண்டும் என்பது அவர்கள் கேள்வி. 1930களின் இறுதியில் பெரிய அளவில் விதை வந்து, 1938இல் முதல் அறுவடை நடந்தது. 1947இல் ரிசேயில் முதல் தொழிற்சாலை திறந்தது.

சாம்லிஹெம்ஷினில் தாழ்வான பகுதிகளில் மட்டுமே தேயிலை. பெரிய தோட்ட முதலாளிகள் கிடையாது, ஒவ்வொரு வீட்டுக்கும் சிறு சிறு துண்டு. மே முதல் இலையுதிர்காலம் வரை மூன்று தடவை, நல்ல ஆண்டில் நான்கு தடவை பறிப்பார்கள். விரலால் கிள்ளுவதில்லை, பை கோத்த பெரிய கத்திரிக்கோலால் வெட்டுகிறார்கள். அரசு நிறுவனமான சாய்குர் ஒருவருக்கு இவ்வளவு என்று அளவு வைத்து வாங்கும். மிச்சத்தைத் தனியாரிடம் குறைந்த விலைக்குத் தள்ளவேண்டும், ஆண்டுதோறும் வரும் புலம்பல் இது. குளிர்காலத்தில் செடிமேல் பனி விழுவதால் பூச்சித்தொல்லை குறைவு, மருந்தடிக்க வேண்டியதில்லை என்பதில் ரிசேக்காரர்களுக்குப் பெருமை.

தேயிலை வந்தபிறகுதான் வெளியூர் போகும் கட்டாயம் ஓரளவு தளர்ந்தது.

அங்கே என்ன சாப்பிடலாம்?

முதலில் முஹ்லாமா. செம்பு வாணலியில் யாய்லா வெண்ணெயைத் தாராளமாகப் போட்டு உருக்கி, மக்காச்சோள மாவை அதில் மணம் வரும்வரை வறுப்பார்கள். சிறிது தண்ணீர் விட்டுக் கொதிவந்ததும் நூலாக இழுபடும் உள்ளூர்ப் பாலாடைக்கட்டியைப் பிய்த்துப் போட்டு, கிளறாமல் சிறுதீயில் விடுவார்கள். வெண்ணெய் பிரிந்து மேலே மிதந்தால் பதம் சரி. வாணலியோடு மேசைக்கு வரும். ரொட்டியால் அள்ளி முழ நீளத்துக்கு இழுத்துச் சாப்பிட வேண்டும். ஆறினால் கட்டியாகிவிடும், எனவே பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

கருங்கோசுச் சூப், சோள ரொட்டி, ஊறுகாய்ப் பீன்ஸை வெங்காயத்தோடு வதக்கிய பொரியல், குளிர்காலத்தில் கடலோரத்திலிருந்து வரும் நெத்திலி, இவையெல்லாம் அன்றாடச் சாப்பாடு. சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பால் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் சிரமம்.

"பித்துப் பிடிக்கவைக்கும் தேன்" என்பது கட்டுக்கதையா?

இல்லை, உண்மை. மலையெங்கும் ஊதாவும் மஞ்சளுமாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் செடிகளின் தேனில் கிரயானோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. அளவு மீறினால் தலைசுற்றல், வியர்வை, வாந்தி வரும். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஆபத்தாக விழும். பெரும்பாலானவர்கள் ஒருநாளில் தேறிவிடுவார்கள், ஆனால் மருத்துவமனைக்குப் போகவேண்டிவரும். கி.மு. 401இல் திரபிசோன் அருகே செனபோனின் கிரேக்கப் படையினர் இந்தத் தேனைத் தின்று குடிகாரர்களைப் போல் சுருண்டு விழுந்ததையும், மூன்று நான்கு நாளில் எழுந்து நடந்ததையும் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

உள்ளூர்க்காரர்கள் இதை மருந்தாகச் சிறுகரண்டி அளவில் எடுப்பார்கள். பயணிகள் முயல வேண்டாம், இதய நோயோ ரத்த அழுத்த மருந்தோ இருப்பவர்கள் தொடவே கூடாது. செஸ்ட்நட் பூத்தேன் கிடைக்கும். கொஞ்சம் கசக்கும், அருமையாக இருக்கும். அதை வாங்குங்கள்.

மரத்தின் உச்சியில் கட்டைகள் கட்டியிருக்கிறார்களே, அவை என்ன?

தேன்பெட்டிகள். இலிண்டன் மரத்தண்டை இரண்டாகப் பிளந்து உள்ளே குடைந்து, மறுபடி ஒன்றாகப் பொருத்தினால் ஒரு கூடு. அதை உயர்ந்த மரத்தின் கவையில் பலகை கட்டி அதன்மேல் ஏற்றிவைப்பார்கள், அல்லது பாறைமுகட்டில். இவ்வளவு பாடும் கரடிக்காகத்தான். மரத்தண்டில் தகரம் சுற்றுவதும் அதற்கே, நகம் பிடிக்காமல் வழுக்கும். தேன் எடுக்கும் காலத்தில் கயிறு கட்டி ஏறி, புகை போட்டு, அடையை வெட்டி வாளியில் இறக்குவார்கள். இதற்கென்று ஏறத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஓரிருவர்தான் மிஞ்சியிருக்கிறார்கள்.

பாட்டு, ஆட்டம்?

துலும் என்ற தோல்பைக் குழல்தான் இந்த மலையின் குரல். ஆட்டுக்குட்டித் தோலை முழுசாக உரித்துப் பதப்படுத்திய பை, ஊத ஒரு குழாய், விரல்வைக்க இணையாகப் பொருத்திய இரண்டு நாணல். பையில் காற்று இருக்கும்வரை ஓசை அறுபடாது. வாசிப்பவர் நடுவில் நிற்க, சுற்றிலும் ஆணும் பெண்ணும் கைகோத்து ஹோரோன் ஆடுவார்கள். வட்டத்தின் ஒரு பாதி ஓர் அடி பாட, மறுபாதி அதற்குப் பதில் பாடும். மணிக்கணக்கில் நீளும்.

கோடையின் உச்சத்தில் வார்தெவோர் திருவிழா. ஆர்மீனிய கிறித்தவத் திருநாளான வர்தவாரின் பெயரையே அது இன்னும் சுமக்கிறது. சடங்கெல்லாம் போய், யாய்லா ஒன்றுகூடலாக மட்டும் வாழ்கிறது. பெண்கள் புஷி என்ற வண்ணத் தலைத்துணியை நெற்றிமேல் சுற்றிக் கட்டி வருவார்கள். நகரத்தில் பிறந்த பெண்களும் அன்று பாட்டியின் புஷியைத்தான் தேடி எடுக்கிறார்கள்.

அணை, சாலை என்று போராட்டங்கள் நடந்தனவே, என்ன பிரச்சினை?

1990களின் இறுதியில் ஃபிர்த்தினா ஆற்றில் ஒரு நீர்மின் திட்டம் வந்தது. 1994இலேயே கச்கார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டிருந்தது. ஐம்பத்தோராயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு. பழைமையான பாக்ஸ்வுட் காடுகள் இந்தப் பள்ளத்தாக்கில் இருந்தன. ஊர்மக்கள் வழக்குப் போட்டுத் திட்டத்தை நிறுத்தினார்கள். நகரத்துக்குப் போய் வழக்கறிஞர்களாகவும் பொறியாளர்களாகவும் ஆகியிருந்த ஊர்ப் பிள்ளைகள் இதில் தோள்கொடுத்தார்கள். வெளியே போனவர்கள் ஊரை விட்டுவிடவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

அடுத்தது "பசுமைச் சாலை". சாம்சுன் முதல் ஆர்த்வின் வரை எட்டு மாகாணங்களின் யாய்லாக்களை 2,600 கிலோமீட்டர் சாலையால் இணைக்கும் அரசுத் திட்டம். 2015 ஜூலையில் இயந்திரங்கள் சாமிஸ்தால் பக்கம் வந்தபோது யாய்லாவாசிகள் மறித்து உட்கார்ந்தார்கள். அரசு என்பது யார், எங்களால்தானே அது அரசு என்று முதிய பெண் ஒருவர் காவலர்களைப் பார்த்துக் கேட்ட காட்சி நாடு முழுவதும் பரவியது.

எதிர்ப்பக்க வாதத்தையும் சொல்லவேண்டும். யாய்லாவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும் என்பவர்களும் உள்ளூர்க்காரர்களே. ஒவ்வொரு யாய்லாவுக்கும் கீழிருந்து ஒரு மண்சாலை போவதில் பலருக்கு மறுப்பில்லை. உச்சிகளை ஒன்றோடொன்று இணைப்பதில்தான் தகராறு. கீழிருந்து வரும் சாலை ஊர்க்காரருக்குப் பயன்படும்; முகட்டோடு ஓடும் சாலை பேருந்துகளுக்கும் விடுதிகளுக்கும் பயன்படும். இந்த வேறுபாட்டை அவர்கள் தெளிவாகவே சொன்னார்கள், அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன்.

அய்தெருக்குப் போகலாமா?

போகலாம், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு. சுமார் 1,350 மீட்டர் உயரத்தில் வெந்நீர் ஊற்று உள்ள யாய்லா. ஊற்றில் நீர் 50 டிகிரிக்கு மேல் சுடும். 1980களில் சுற்றுலா மையமாக அறிவித்தபின் விடுதிமேல் விடுதியாக எழுந்து, கோடை வார இறுதியில் கார் நகர இடமில்லை. வெந்நீரில் குளித்துவிட்டு, எலெவித் பக்கமோ பாலோவித் அருவி பக்கமோ போய்விடுங்கள். போகுத்தின் மரவீடுகளிலிருந்து காலையில் கீழே மேகக்கடலைப் பார்க்கலாம். அங்கேயும் கூட்டம் கூடிவருகிறது.

எப்படிப் போவது, எந்த மாதம்?

கடலை நிரப்பிக் கட்டிய ரிசே–ஆர்த்வின் விமான நிலையம் 2022 மே மாதம் திறந்தது. இஸ்தான்புல்லிலிருந்து நேரடி விமானம். அங்கிருந்து அர்தெஷென், பிறகு தோல்முஷ் என்ற சிறு பேருந்தில் சாம்லிஹெம்ஷின். யாய்லாக்களுக்கு ஜூன் இறுதி முதல் செப்டம்பர் நடுவரை. அக்டோபரில் காட்டின் நிறம் மாறும்போது கீழ்ப்பகுதி மிக அழகு, ஆனால் மேல்வீடுகள் பூட்டிக்கிடக்கும்.

கச்கார் சிகரம் ஏற விரும்புபவர்கள் ஜூலை பிற்பாதியிலிருந்து பார்க்கலாம். வடக்குப் பக்கம் காவ்ருன் வழி பனியாறுகளும் மூட்டமும் உள்ளதால் கடினம். தெற்கே யுசுஃபெலி பக்கத்து வழி எளிது. எந்தப் பக்கமானாலும் உள்ளூர் வழிகாட்டி வேண்டும்.

யாய்லாவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

அறுக்காத புல்லில் நடக்காதீர்கள். அது குளிர்காலத் தீவனம். மிதித்தால் அரிவாள் பிடிக்காது. வேலியில் நீங்கள் திறந்த படலை மறுபடி மூடிவிட்டுப் போங்கள். ட்ரோன் சத்தத்துக்கு மாடு மிரளும். பெண்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள். யாராவது தேநீருக்கு அழைத்தால் உட்காருங்கள், இரண்டாவது கோப்பையும் வரும். வெண்ணெயோ கம்பளிக் காலுறையோ விற்றால் பேரம் பேசாமல் வாங்குங்கள்.